காய்கறி, முழுத்தானிய குக்கீஸ்: கேள்வி பதில்

கேள்வி: கேரட் துருவிச் சேர்த்தால் குக்கீஸ் கேக்கைப் போல மெத்தென்று ஆகிவிடுகிறது. மொறுமொறுப்பாக வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: கேரட்டின் எடையில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீர்தான். 100 கிராம் துருவலைப் பச்சையாகச் சேர்ப்பது, மாவில் ஆறு மேசைக்கரண்டித் தண்ணீரை ஊற்றுவதற்குச் சமம். அந்த நீர் ஆவியாகித் தீரும்வரை குக்கீஸின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அதற்கு மேல் ஏறினால்தான் நிறமும் முறுகலும் வரும். ஆகவே, மெல்லியதாகத் துருவி, ஒரு சிட்டிகை உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, மெல்லிய துணியில் கட்டிப் பிழியுங்கள். பிறகு ஒரு கரண்டி நெய்யில், சிறு தீயில், ஈரம் வற்றும்வரை வதக்கி, நன்றாக ஆறவிடுங்கள். 100 கிராம் துருவல் பாதிக்கும் கீழாகச் சுண்டிவிடும். பிழிந்த சாற்றைக் கொட்டிவிட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசைய அது மிக நன்றாக இருக்கும்.

நான் செய்யும் அளவு இது: கோதுமை மாவு 150 கிராம், வெண்ணெய் 75 கிராம், நாட்டுச்சர்க்கரை 70 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, மேலே சொன்னபடி வதக்கிய துருவல். மாவு சேரவே மறுத்தால் மட்டும் ஓரிரு தேக்கரண்டி பால் தெளிக்கலாம். அரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பிறகே பதம் தெரியும்.

கேள்வி: கேழ்வரகு மாவில் மட்டும் செய்தால் உதிர்ந்துபோகிறது, வாயிலும் நறநறக்கிறது.

பதில்: கோதுமையில் மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் உண்டு, கேழ்வரகில் அது அறவே இல்லை. பாதிக்குப் பாதி கோதுமை கலப்பது எளிய வழி. கோதுமை ஒவ்வாதவர்கள், ஆவியில் வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சேர்க்கலாம். வெந்த மாவுச்சத்து பசைபோல் நின்று பிடித்துக்கொள்ளும். கிழங்கு வேகும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இனிப்பாக மாறுவதால், சர்க்கரையில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். நறநறப்புக்குக் காரணம் கேழ்வரகின் தவிடு. அது நீரை மெதுவாகவே உறிஞ்சும் என்பதால், பிசைந்த மாவை அரை மணி நேரம் மூடி வைத்த பிறகு தட்டுங்கள். கேழ்வரகு மாவை முன்னதாக வாசம் வர வறுத்துக்கொண்டால் பச்சை வாடையும் போய்விடும்.

கேள்வி: பீட்ரூட் சேர்த்த மாவு அழகான சிவப்பில் இருந்தது, வெந்தபின் பழுப்பாகிவிட்டது.

பதில்: பீட்ரூட்டின் நிறமிக்குச் சூடும் ஆகாது, சமையல் சோடாவின் காரத்தன்மையும் ஆகாது. சோடாவைத் தவிர்த்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, 150 டிகிரியில் சுடுங்கள். அப்படியும் நிறம் ஓரளவு மங்கவே செய்யும், சுவைக்குக் குறைவில்லை.

கேள்வி: என் மகன் காய்களைத் தொடுவதே இல்லை. குக்கீஸில் மறைத்துக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது, அம்மா. மேலே சொன்ன அளவில் 25 குக்கீஸ் வருவதாகக் கொண்டால், ஒன்றில் இருப்பது 4 கிராம் கேரட்தான். பொரியலுக்கு அது ஈடாகாது. மறைப்பதை விட, துருவலையும் மாவையும் பிள்ளையின் கையிலேயே கொடுத்துப் பிசையச் சொல்லுங்கள். தான் செய்த பண்டத்தில் கேரட் இருப்பதை அறிந்தே அவன் உண்ணட்டும். காயோடு அவனுக்குப் பழக்கம் ஏற்படுவதுதான் நமக்கு வேண்டியது.

கேள்வி: நாட்டுச்சர்க்கரை சேர்ப்பதால் நீரிழிவு உள்ளவர்கள் தாராளமாக உண்ணலாமா?

பதில்: கூடாது. நாட்டுச்சர்க்கரையும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். முழுத்தானியம் சேர்ந்திருப்பதால் அது மாறிவிடாது.

கேள்வி: எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பதில்: நன்றாக முறுகியவை, முழுவதும் ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் இருக்கும். மெத்தென்ற வகையில் ஈரம் தங்கியிருப்பதால் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். இடையில் நமுத்துப்போனவற்றை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் மீண்டும் மொறுமொறுப்பாகிவிடும்.