நான்கு பாட்டில் சிரப் தீர்ந்தும் நிற்காத இருமல்

கேள்வி: என் 6 வயது மகளுக்கு இரண்டு மாதமாக இருமல். பகலில் பரவாயில்லை, விடியற்காலை எழுந்து உட்கார்ந்து இருமுகிறாள். மெடிக்கலில் வாங்கிய சிரப் நான்கு பாட்டில் தீர்ந்துவிட்டது. தூசிதான் காரணம் என்கிறார்கள். மாமனாரும் ராத்திரியெல்லாம் இருமுவார், ஆனால் அது பீடி இருமல். என்ன செய்வது டாக்டர்?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன் அம்மா. பீடி இருமல் என்று யார் சொன்னது? பெரியவருக்குச் சளிப் பரிசோதனை செய்தீர்களா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே டிபி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்தான். பேத்தியையும் கூடவே காட்டுங்கள். குழந்தைகள் சளியைத் துப்புவதில்லை, விழுங்கிவிடுவார்கள். அதனால் எக்ஸ்ரே, கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்க்கும் சோதனை, தேவைப்பட்டால் காலையில் வெறும் வயிற்றில் டியூப் விட்டுச் சாம்பிள் எடுப்பது என்று போகும். எடை குறைந்திருக்கிறதா, சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா, எழுதவில்லையே.

டிபி இல்லையென்றால், விடியற்காலை இருமலுக்கு நான் அடுத்து சந்தேகப்படுவது ஆஸ்துமாவை. ஓடினால், விழுந்து விழுந்து சிரித்தால் இருமுகிறாளா? மூச்சில் விசில் சத்தம் உண்டா? இருமும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள், கிளினிக்கில் எந்தக் குழந்தையும் சொன்னபடி இருமாது. சளியோடு கொழகொழவென்ற இருமல் என்றால் கதையே வேறு. நம் பக்கத்து லாரிப் புகையை நாம் நிறுத்த முடியாது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி ஏற்றுவதை நிறுத்தலாம். வலை கட்டுங்கள்.

காசிமேட்டிலிருந்து மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஒன்றரை மாத இருமல். மூன்றாவது தடவை வந்தபோது பாட்டி பேச்சுவாக்கில், "அன்னிக்கு வேர்க்கடலை துன்னும்போது புரையேறிச்சு, அப்புறம்தான்" என்றார். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டு அரைக் கடலையை எடுத்தார்கள். இரண்டு தடவையும் கேட்காமல் விட்டது என் தப்பு. இப்போதெல்லாம் 'இருமல் ஆரம்பித்த அன்று குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது' என்று கேட்காமல் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதில்லை.

ஐந்தாவது பாட்டில் வாங்க வேண்டாம். டாக்டரிடம் போகும்போது அந்தக் காலி பாட்டில்களைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மாமனாரையும் மறக்காமல் கூட்டிப் போங்கள்.