ஆன்லைன் செஸ்ஸில், ஆளுக்குச் சில நிமிடமே உள்ள பிளிட்ஸ் ஆட்டத்தில், ரேட்டிங் நகரவே மாட்டேன் என்கிறது. பசில் நன்றாகப் போடுகிறேன், நல்ல நிலைக்கும் வருகிறேன், கடைசி அரை நிமிடத்தில் தோற்றுவிடுகிறேன். 40 வயதுக்கு மேல் முன்னேற முடியுமா?

முடியும். வயதைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ரேபிட் (பிளிட்ஸைவிடச் சற்று நீண்ட வேக ஆட்டம்) பட்டத்தை ஆனந்த் வென்றபோது அவருக்கு வயது 48. அடுத்து நடந்த பிளிட்ஸிலும் வெண்கலம் வாங்கினார்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது வேறு. பசில் நன்றாகப் போடுகிறீர்கள், நல்ல நிலைக்கும் வருகிறீர்கள், கடைசி அரை நிமிடத்தில் கோட்டை விடுகிறீர்கள். அப்படியானால் உங்களுக்குச் செஸ் தெரிகிறது, நேரம்தான் தப்பான இடத்தில் செலவாகிறது.

3+0 (ஆளுக்கு மூன்று நிமிடம், அவ்வளவுதான்) ஆடுவதை நிறுத்திவிட்டு 3+2-க்கு (மூன்று நிமிடத்தோடு ஒவ்வொரு மூவுக்கும் இரண்டு வினாடி கூடும்) மாறுங்கள். 40 மூவ் ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் 3+0-இல் ஒரு மூவுக்கு நாலரை வினாடி, 3+2-இல் ஆறரை. ஜெயிக்கும் நிலையை ஜெயித்து முடிக்க அந்த இரண்டு வினாடி போதும். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே உலக பிளிட்ஸ் போட்டியையே 3+2-இல்தான் நடத்துகிறது. ஒரு நிமிட புல்லட் ஆடினால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. யோசிக்காமல் மவுஸை இழுக்கும் பழக்கம்தான் கூடும்.

அடுத்தது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். லிச்செஸ் தளத்தில் ஆட்டம் முடிந்ததும் அனாலிசிஸ் பக்கத்தில் ஒவ்வொரு மூவுக்கும் எத்தனை வினாடி எடுத்தீர்கள் என்று பட்டை பட்டையாக ஒரு வரைபடம் இருக்கும். ஸ்டாக்ஃபிஷ் என்ஜின் (ஆட்டத்தை அலசும் கம்ப்யூட்டர் நிரல்) என்ன சொல்கிறது என்று பார்க்கும் முன் அதைப் பாருங்கள். எந்தப் பட்டை உயரமாக நிற்கிறது? அங்கே என்ன யோசித்துக்கொண்டிருந்தீர்கள்? ஒரே அளவு நல்ல இரண்டு மூவ்களில் எதை ஆடுவது என்று இழுபறியில் இருந்திருந்தால், பிளிட்ஸில் அதற்கு இடமில்லை. ஏதாவது ஒன்றை ஆடிவிட்டுப் போக வேண்டும். ஓப்பனிங்கிலேயே திணறியிருந்தால் அந்த ஒரு பொசிஷனை மட்டும் அன்றைக்கே படித்துவிடுங்கள்.

ஓர் உதாரணம். நீங்கள் கறுப்பு. இத்தாலியன் என்ற ஓப்பனிங் போல ஆரம்பித்து, நீங்கள் குதிரையை எஃப்6-இல் வைத்ததும் வெள்ளை தன் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கிறார். நீங்கள் டி5 தள்ளுகிறீர்கள், அவர் சிப்பாயால் வெட்டுகிறார். இங்கே கை தானாகவே குதிரையால் திருப்பி வெட்டப் போகும். வெட்டினால் அவர் எஃப்7-இல் குதிரையைப் பலிகொடுத்து உங்கள் ராஜாவைப் பலகையின் நடுவுக்கு இழுத்துவிடுவார். அதற்குப் பதிலாக சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் அவருடைய பிஷப்பைத் தாக்குங்கள். ஒரு சிப்பாய் போகும். ஆனால் அந்த பிஷப் அலைந்துகொண்டிருக்கும்போது உங்கள் காய்கள் வெளியே வந்துவிடும். கடிகாரம் ஓடும்போது இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போகும். தெரிந்திருந்தால் ஒரு வினாடி. எதிராளிகள் இதை அடிக்கடி ஆடுவார்கள் என்பதால் அந்த மிச்சம் உங்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்கும்.

தவறு எங்கே என்று முதலில் நீங்களே தேடுங்கள், என்ஜின் அப்புறம். குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பல வருடம் என்ஜின் பக்கமே விடவில்லை.

எண்ட்கேமில், அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்தில், நிறைய வேண்டாம். ராஜா-சிப்பாய் முடிவில் ஆப்போசிஷன் (ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கும் நிலை), யானை முடிவில் லூசெனா (சிப்பாயை ராணியாக்கும் முறை), தனி ராஜாவை ராணியால் மேட் செய்வது. இவை கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். கம்ப்யூட்டரோடு தனியாக ஆடிப் பழகுங்கள்.

பிரீமூவ் (எதிராளி ஆடும் முன்பே உங்கள் அடுத்த மூவைப் போட்டு வைப்பது) லிச்செஸில் நேரமே எடுக்காது, செஸ்.காமில் 0.1 வினாடி எடுக்கும். ஆனால் எதிராளிக்கு வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் போடுங்கள். அவர் வெட்டுவார் என்று நம்பிப் போட்டு, அவர் வேறொன்று ஆடிவிட்டால் ராணியே போய்விடும்.

இன்னொன்று. உங்கள் நேரம் தீர்ந்தாலும் எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் ஆட்டம் டிரா, தோல்வி இல்லை. அதனால் கடிகாரம் இரண்டு மூன்று வினாடிக்கு வந்துவிட்டது, அவரிடம் ஒரே ஒரு சிப்பாய்தான் மிச்சம் என்றால், மேட்டைத் தேடாமல் யானையைக் கொடுத்தாவது அந்தச் சிப்பாயை வெட்டிவிடுங்கள்.