பிரெஞ்சு டோஸ்ட் வெளியே சிவந்தும் நடுவில் ஈரமாகவே இருக்கிறதே, ஏன்?

பிரெஞ்சு டோஸ்ட் என்பது முட்டையும் பாலும் கலந்த கலவையில் ரொட்டித் (பிரெட்) துண்டை ஊறவைத்துச் சுடுவது. நடுவில் ஈரமாக இருந்தால் பெரும்பாலும் பால் கூடிப்போயிருக்கும், இல்லையென்றால் தீ கூடிப்போயிருக்கும். முட்டை வெந்து இறுகினால்தான் ரொட்டியின் நடுப்பகுதி கெட்டிப்படும். பால் அதிகமானால் அந்தக் கலவை இறுகாமல் கொழகொழவென்றே நிற்கும்.

இரண்டு செ.மீ. கனமுள்ள 4 துண்டுகளுக்கு 2 முட்டை, 120 மி.லி. பால், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போதும். வெள்ளைக்கரு இழை இழையாகத் தெரியாத அளவுக்கு நன்றாக அடியுங்கள். இல்லாவிட்டால் டோஸ்டின் மேல் ஆம்லெட் திட்டுகள் ஒட்டியிருக்கும். பட்டைத்தூள் சேர்ப்பதானால் அதை முதலில் சர்க்கரையோடு கலந்துகொண்டால் கட்டி கட்டியாக மிதக்காது.

ரொட்டி முந்தைய நாளுடையதாக இருப்பது நல்லது. புதிய ரொட்டி ஊறியதும் பிய்ந்துவிடும். அதுதான் இருக்கிறது என்றால் 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் 10 நிமிடம் உலர்த்துங்கள். பக்கத்துக்கு 30 விநாடி ஊறட்டும். தூக்கும்போது சொட்ட வேண்டும், ஆனால் நடுவில் தொங்கக் கூடாது.

வெண்ணெய் மட்டும் போட்டால் அதிலுள்ள பால் திடப்பொருள் சீக்கிரம் கருகும். கொஞ்சம் எண்ணெயும் சேருங்கள். மிதமான தீக்கும் சற்றுக் கீழே வைத்து, பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம். பொறுமை வேண்டிய இடம் இதுதான். நடுவில் விரலால் அழுத்தினால் மேலெழும்ப வேண்டும். ஈரம் கசிந்தால் இன்னும் வேகவில்லை.

வெந்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், ஆவியில் மொறுமொறுப்பு போய்விடும். கம்பித் தட்டில் பரப்பி, 100 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைத்தால் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிடலாம்.