மூச்சு தயார், தசைநாண் தயாரா?

நாற்பது வயதைக் கடந்து நெடுந்தூரம் ஓடுபவர்களிடமிருந்து இந்த முறை ஏராளமான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாக எடுத்துக்கொண்டேன். பெயர்களைத் தவிர்த்துவிட்டு வயதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஒரே வலிக்கு இருபத்தைந்து வயதில் சொல்லும் பதிலை ஐம்பது வயதில் சொல்ல முடியாது என்பதே காரணம்.

கேள்வி: எனக்கு வயது 47. கல்லூரிக் காலத்தில் ஓடியவன். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் தொடங்கி, மூன்றே மாதங்களில் பத்து கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் ஓடுகிறேன். ஆனால் காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்துப் பதினைந்து அடிகளில் குதிகாலுக்கு மேலே பிடித்து இழுப்பதுபோல் வலிக்கிறது. நடக்க நடக்கக் குறைகிறது. ஓடத் தொடங்கினால் மறைந்தே போகிறது. பொருட்படுத்தாமல் தொடரலாமா?

பதில்: "மூன்றே மாதங்களில்" என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்களே, வலிக்கான காரணம் அதில்தான் இருக்கிறது. இதயமும் இரத்த ஓட்டமும் பயிற்சிக்கு விரைவாக இணங்கிவிடும். சில வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ம அளவு கூடி, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் முன்னைவிட அதிக இரத்தத்தைத் தள்ளத் தொடங்கிவிடுகிறது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அப்படிப்பட்டதல்ல. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. அதன் கொலாஜன் இழைகள் கூடுதல் பளுவுக்கு ஏற்பத் தம்மைத் திருத்திக் கட்டிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். வயது ஏற ஏற இந்த வேலை இன்னும் மந்தமாகிறது. நடுவயதில் ஓட்டத்துக்குத் திரும்புபவர்களின் காயங்களில் பெரும்பங்கு, மூச்சு தயாராகிவிட்ட நாளுக்கும் தசைநாண் தயாராகும் நாளுக்கும் இடையிலுள்ள அந்தச் சில மாதங்களில்தான் வருகிறது. நானும் அந்த இடைவெளியில் விழுந்து எழுந்தவன்தான்.

குதிகால் எலும்பில் சேரும் இடத்துக்கு இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே, நாணை இரண்டு விரல்களால் பிடித்து அழுத்திப் பாருங்கள். அங்கே சற்றே தடித்து, தொட்டால் வலித்தால் அது குதிநாணின் நடுப்பகுதிப் பாதிப்பு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் ஆறு மடங்குக்கும் மேலான விசையை அந்த நாண் தாங்குகிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது நானூறு கிலோவைத் தாண்டும். ஓடும்போது வலி மறைவதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாண் சொல்லும் உண்மையான கணக்கு மறுநாள் காலையின் முதல் அடிகளில்தான் தெரியும்.

முழு ஓய்வு இதற்குத் தீர்வல்ல. பளுவே கிடைக்காத நாண் மேலும் பலவீனமாகும். 1998-இல் சுவீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனும் அவருடைய குழுவினரும், நெடுநாள் குதிநாண் வலியால் அவதிப்பட்ட பதினைந்து பொழுதுபோக்கு விளையாட்டாளர்களுக்கு ஒரு பயிற்சியைக் கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 44. பன்னிரண்டு வாரங்களில் பதினைந்து பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். செய்முறை எளிது: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதங்களை மட்டும் ஊன்றி, இரு கால்களாலும் குதிகாலை உயர்த்துங்கள், உடல் எடை முழுவதையும் வலியுள்ள காலுக்கு மாற்றி, அந்தக் குதிகாலைப் படியின் மட்டத்துக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள், மேலே வருவதற்கு மற்றக் காலைப் பயன்படுத்துங்கள். முழங்காலை நீட்டியபடி பதினைந்து வீதம் மூன்று முறை, மடக்கியபடி அதே அளவு, நாளுக்கு இருவேளை. வலி நாணின் நடுவில் இல்லாமல் அது எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் மட்டும் படிக்குக் கீழே இறக்க வேண்டாம்; சமதரையில் செய்தால் போதும். பிற்காலத்து ஆய்வில், வாரம் மூன்று நாள் கனமான எடையோடு மெதுவாகச் செய்யும் பயிற்சியும் இதற்கு இணையான பலனைத் தந்தது. தினமும் இருவேளை செய்யப் பொறுமை இல்லாதவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஓட்டத்தைக் குறைத்த அளவில் தொடரலாம். வலியைச் சுழியத்திலிருந்து பத்து வரை மதிப்பிட்டால், ஓடும்போது அது ஐந்தைத் தாண்டக் கூடாது; மறுநாள் காலை முந்தைய நாளைவிட மோசமாகவும் இருக்கக் கூடாது. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் திடீரென்று ஓர் அடி விழுந்து, முன்பாதத்தை ஊன்ற முடியாமல் போனால், நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தசைநாணைப் பாதித்து அறுந்துபோகவும் வைக்கலாம், ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தால் அபாயம் மேலும் கூடும். நீங்கள் ஓடுபவர் என்பதை மருந்து எழுதுபவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வயது 44. அரை மாரத்தானுக்குத் தயாராகிறேன். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியைத் தவறாமல் கடைப்பிடித்தும் ஓராண்டில் இரண்டு முறை கெண்டைக்கால் தசை கிழிந்தது. எங்கே பிசகுகிறேன்?

பதில்: அந்தப் பத்து சதவீத விதி, கேட்பதற்கு அறிவியல்போல் இருக்கும் ஓர் உத்தேசக் கணக்கு. 2008-இல் நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அந்த விதிப்படியும் மற்றதற்கு அதைவிட வேகமாகவும் தூரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். இரண்டிலும் ஏறத்தாழ இருபது சதவீதத்தினர் காயமடைந்தனர். 2025-இல் வெளியான, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வேறோர் இடத்தைச் சுட்டிக்காட்டியது: வாரத்தின் மொத்தத் தூரம் எவ்வளவு கூடியது என்பதைவிட, கடந்த முப்பது நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தை ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டியதுதான் காயத்தோடு தொடர்புகொண்டிருந்தது. கடந்த ஒரு மாதத்தில் உங்கள் மிக நீண்ட ஓட்டம் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால், இன்று பதின்மூன்று ஓடலாம். நண்பர்கள் அழைத்தார்கள் என்று பதினாறு ஓடுவதில்தான் சிக்கல், அந்த வார மொத்தம் ஒழுங்காகவே இருந்தாலும்கூட. உங்கள் ஓட்டக் குறிப்பேட்டில், காயத்துக்கு முந்தைய பத்து நாட்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது, நாட்கணக்கு. ஏழு நாள் வாரம் நாட்காட்டியின் வசதிக்கானது. கெண்டைத்தசைக்கு அதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஒரு நீண்ட ஓட்டம், ஒரு வேக ஓட்டம், இன்னொரு மேட்டு ஓட்டம் என்று ஏழு நாட்களுக்குள் திணிப்பதற்குப் பதிலாக, அவற்றை ஒன்பது அல்லது பத்து நாட்களுக்குப் பரப்புங்கள். ஒவ்வொரு கடினமான நாளுக்குப் பின்பும் இரண்டு எளிய நாட்கள் கிடைக்கும். எளிய ஓட்டம் என்றால் உண்மையிலேயே எளிதாக இருக்க வேண்டும்: பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியங்களில் பேச முடியாவிட்டால் அது எளிய ஓட்டமல்ல. கனடாவின் எட் விட்லாக் 2004-இல், தம் 73 வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் முடித்தார். அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி, வீட்டருகே இருந்த ஒரு கல்லறைத் தோட்டத்தில் மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றி வந்ததுதான்.

மூன்றாவது, வலிமை. வயதாகும்போது ஓட்டக்காரர்களிடம் முதலில் குறைவது தொடையின் வலிமையல்ல, கணுக்கால் தரும் உந்துவிசை. இளையவர்களுக்கு முழங்காலில் வரும் தொல்லை, வயதானவர்களுக்குக் கெண்டைக்காலிலும் குதிநாணிலும் கூடுதலாக வருவதற்கு அது முக்கியக் காரணம். சுவரை விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழு உயரத்துக்கு இருபது முறை தூக்கிப் பாருங்கள். பன்னிரண்டாவதில் உயரம் குறையத் தொடங்கினால், அடுத்த மூன்று மாதங்களுக்கு வாரம் இரண்டு நாள் வலிமைப் பயிற்சி கட்டாயம். அதற்காக ஓட்டத்தில் ஒரு நாளை விட்டுக்கொடுத்தாலும் நட்டமில்லை. ஓடும் முன் அசையாமல் நின்று தசையை நீட்டுவது காயத்தைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. பத்து நிமிடம் வேகமாக நடந்து, மெல்லோட்டத்துக்கு மாறுவது போதும்.

கேள்வி: வயது 51. "இப்படி ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும்" என்று வீட்டில் தினமும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உங்கள் வீட்டாரிடம் இரண்டு எண்களைச் சொல்லுங்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான அறிக்கையில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. போட்டிக்காகவே வாழும் ஓட்டக்காரர்களிடம் அது 13.3 சதவீதம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தி விடுவிக்கும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய் வருவதால்தான் அது ஊட்டம் பெறுகிறது. முன்பே முழங்காலில் சவ்வு கிழிந்தவர்கள், அறுவை செய்துகொண்டவர்கள் நிலை வேறு. அவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும். முழங்காலில் இலேசான வலி இருந்தால், அதே வேகத்தில் நிமிடத்துக்கான அடிகளை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டுங்கள். ஒவ்வோர் அடியின் நீளமும் குறுகும், முழங்கால் மீதான பளு இறங்கும்.

கேள்வி: நான் 53 வயதுப் பெண். மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எடையைக் குறைப்பதற்காக உணவைச் சுருக்கிக்கொண்டு வாரம் ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிறேன். இரண்டு வாரங்களாக முன்கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி. முன்பு ஓடும்போது மட்டும் இருந்தது, இப்போது இரவிலும் இருக்கிறது.

பதில்: இந்தக் கடிதத்துக்கு மட்டும் "சில நாள் பார்க்கலாம்" என்று எழுத எனக்கு மனமில்லை. ஓடுவதை இன்றே நிறுத்துங்கள். எலும்பு நெடுகப் பரவிய வலி பெரும்பாலும் எலும்பை மூடிய சவ்வின் எரிச்சல். ஒற்றை விரல்நுனியால் சுட்டிக்காட்டக்கூடிய வலி, அதுவும் இரவில் விழிக்க வைக்கும் வலி, எலும்பில் அழுத்த விரிசல் தொடங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சாதாரணம். ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் மீண்டும் ஓடத் தொடங்கிவிடாமல், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். வலி இடுப்பின் முன்பக்கத்தில், தொடையிடுக்கில் இருந்தால் அவசரம் இன்னும் கூடுதல். தொடை எலும்பின் கழுத்தில் ஏற்படும் விரிசல் முழு முறிவாக மாறக்கூடியது.

மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில், ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. அதே காலத்தில் உணவையும் சுருக்கினால், உடல் தன் செலவைக் குறைக்க எலும்புப் பராமரிப்பிலும் கைவைக்கிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி அளவும் உங்களுக்குத் தேவை. ஒருவேளை உணவில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 0.4 கிராம் புரதம் இருக்கட்டும். அறுபது கிலோ எடைக்கு அது 24 கிராம். இளையவர்களின் தசை இதைவிடக் குறைந்த புரதத்தில் வேலையை முடித்துக்கொள்ளும், நம் தசைகள் அப்படியல்ல. எலும்பு ஆறி, மருத்துவர் ஒப்புதல் தந்தபின் எடைதூக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள். இத்தனை ஆண்டுகளாக ஓடிவருகிறோமே, எலும்புக்கு அது போதாதா என்று கேட்பீர்கள். ஒரே திசையில், ஒரே அளவில் திரும்பத் திரும்ப விழும் அதிர்வை எலும்பு விரைவிலேயே கவனிப்பதை நிறுத்திவிடும்; மாறுபட்ட, கனமான பளுதான் அதைத் தூண்டும்.

கேள்வி: வயது 50. முதல் மாரத்தானுக்குப் பதிவுசெய்திருக்கிறேன். என் தந்தை 49 வயதில் மாரடைப்பால் இறந்தார். கடைசி கிலோமீட்டரில் என் கைக்கடிகாரம் 176 துடிப்பு காட்டுகிறது. என் வயதுக்கு 170தான் உச்சம் என்கிறார்களே?

பதில்: துடிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் அந்தக் கணக்கு ஒரு சராசரி மட்டுமே; ஒரே வயதுள்ள இருவருக்கு இடையே இருபது துடிப்பு வேறுபாடு இருப்பதும் இயல்பு.

கவலைப்பட வேண்டியது உங்கள் தந்தையின் வயதைக் குறித்து. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் கலந்துகொண்ட 1.09 கோடி பேரில் 59 பேருக்குப் போட்டியின்போதோ முடிந்த உடனேயோ இதயம் நின்றது. ஏறத்தாழ 1,84,000 பேரில் ஒருவர். அபாயம் மிகச் சிறியது என்பது மெய். ஆனால் அந்த 59 பேரில் பெரும்பான்மையினர் ஆண்கள், சராசரி வயது 42. முப்பத்தைந்துக்கு மேல் ஓடும்போது நேரும் திடீர் மரணங்களில் முதல் காரணம் இதய நாள அடைப்பு. அமெரிக்காவில் ஓட்டத்தைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான ஜிம் ஃபிக்ஸ் 1984-இல், 52 வயதில், ஓடும்போதே இறந்தார். அவருடைய தந்தை 43 வயதில் மாரடைப்பால் இறந்தவர். பிரேதப் பரிசோதனையில் ஃபிக்ஸின் இதய நாளங்களில் கடுமையான அடைப்புகள் இருந்தன. ஓட்டம் ஆயுளைக் கூட்டக்கூடியது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் அடைப்பை அது அழித்துவிடாது.

ஆகவே போட்டிக்குச் சில மாதங்கள் முன்பே இதய மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, ஈ.சி.ஜி. ஆகியவற்றோடு, உங்கள் குடும்ப வரலாற்றுக்கு டிரெட்மில் சோதனையோ இதய நாளக் கால்சியம் ஸ்கேனோ வேண்டுமா என்பதை அவர் முடிவுசெய்யட்டும். டிரெட்மில் சோதனையில் தேறுவது முழு உத்தரவாதமல்ல. நாளத்தைப் பாதிகூட அடைக்காத படிவு அதில் அகப்படாமல் போகும், அதுவும் வெடிக்கக்கூடியதே. எனவே மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, பழகிய மேட்டில் காரணமில்லாத மூச்சிரைப்பு, ஓடும்போது தலைசுற்றல் அல்லது மயக்கம் இவற்றில் எது வந்தாலும், சோதனை முடிவு நல்லதாக இருந்தாலும்கூட, அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். "நெஞ்செரிச்சலாக இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு ஓட்டத்தை முடித்தவர்களை நான் அறிவேன்.

கேள்வி: வயது 46. நீண்ட போட்டிகளுக்கு முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். நிறையத் தண்ணீரும் குடிக்கிறேன். சரிதானே?

பதில்: இரண்டும் சரியில்லை, சேர்ந்தால் இன்னும் மோசம். ஓடும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் ஏற்கெனவே குறைகிறது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை அதை மேலும் குறைக்கும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் அளவு இயல்புக்குக் கீழே இருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்து இரத்தத்தை நீர்க்கச் செய்தவர்களிடம் அது மிகுதி. தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். ஒரு நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக்கொள்ளுங்கள். முடிவில் எடை கூடியிருந்தால் அடுத்த முறை குறைத்துக் குடியுங்கள். மாத்திரை இல்லாமல் தொடக்கக் கோட்டில் நிற்க முடியாத அளவுக்குக் கால் வலித்தால், அந்தப் போட்டிக்குப் போகாதீர்கள். எந்த இடத்தில், எப்போது வலிக்கிறது என்று எனக்கு விவரமாக எழுதுங்கள்.