தோல் முதலில், சாறு கடைசியில்

சென்ற இதழில் எலுமிச்சையும் ஏலக்காயும் சேர்த்த குளிர் க்ரீம் ஒன்றின் செய்முறையைக் கொடுத்திருந்தேன். செய்து பார்த்தவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

படிக்காதவர்களுக்காகச் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 35 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு உள்ள க்ரீம் 500 மி.லி., சர்க்கரை 130 கிராம், லேசாகத் தட்டிய முழு ஏலக்காய் 6, எலுமிச்சைத் தோல் துருவல் ஒரு மேசைக்கரண்டி. இவற்றை அகலமான பாத்திரத்தில் போட்டு, மிதமான தீயில் கொதிக்கவிட வேண்டும். மொத்தமும் 500 மி.லி. ஆகும்வரை வற்றட்டும், 8 முதல் 12 நிமிடம் பிடிக்கும். இறக்கி வைத்து 80 மி.லி. எலுமிச்சைச் சாற்றைக் கலந்து, 20 நிமிடம் மூடி வைத்து, வடிகட்டி, சிறு கிண்ணங்களில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் குறைந்தது 3 மணி நேரம் வைக்க வேண்டும். அவ்வளவுதான். முட்டை, மாவு, ஜெலட்டின் எதுவும் கிடையாது.

கேள்வி: க்ரீம் மட்டும் என்றால் ரொம்பக் கனமாக இருக்குமே என்று பாதிக்குப் பாதி பால் சேர்த்தேன். கொதித்துக்கொண்டிருக்கும்போதே சாற்றையும் ஊற்றினேன். மொத்தமும் திரிந்து, தண்ணீர் தனியாகப் பிரிந்துவிட்டது. எலுமிச்சை ஊற்றினால் திரியத்தானே செய்யும்? நீங்கள் சொன்ன முறையில் அது எப்படித் திரியாமல் இருக்கும்?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. பாலில் புளிப்பு பட்டால் திரியும் என்பது நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால்தான் இந்தச் செய்முறையைப் படித்ததும் பலருக்குக் கை தயங்குகிறது.

பாலில் கேசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. புளிப்பு பட்டதும் அதன் நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாலில் அவை தாராளமாக ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. எனவே கட்டியாகத் திரண்டு, தண்ணீரை வெளியே தள்ளிவிடும். கெட்டி க்ரீமிலோ கொழுப்புத் துளிகள் நெருக்கமாக நிற்கின்றன, புரதமும் பாலில் இருப்பதைவிடக் குறைவு. கேசின் திரளப் பார்க்கிறது, கொழுப்பு குறுக்கே நிற்கிறது. கட்டி விழாமல் எல்லாம் சேர்ந்து மெல்லிய வலைபோலப் பின்னிக்கொள்கிறது. அந்த வலைதான் குளிர்ந்ததும் கரண்டியில் வழவழவென்று நிற்கிறது. உங்கள் பாத்திரத்திலும் என் பாத்திரத்திலும் நடப்பது ஒன்றுதான். கொழுப்பின் அளவுதான் வேறு.

பால் கலந்ததும் கொழுப்பு பாதியாகிவிட்டது. அதோடு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சூடு அதிகமாக இருந்தால் புரதம் இன்னும் வேகமாகத் திரளும். நானும் இதே தவற்றை ஒரு முறை செய்தேன், அதுவும் இருபது பேர் சாப்பிட உட்காரப் போகும் நாளில். நேரமாகிறதே என்று அடுப்பை அணைக்காமல் சாற்றை ஊற்றிவிட்டேன். அன்று சாப்பாட்டுக்குப் பின் வெறும் பழம்தான் கொடுக்க முடிந்தது. ஆசையாக எதிர்பார்த்திருந்த பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து சாற்றைக் கையில் எடுப்பதற்கு முன் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கனமாக இருக்கும் என்ற கவலைக்கு ஒரே வழி, சின்னக் கிண்ணம். ஒருவருக்கு 80 மி.லி. போதும். க்ரீமை நீர்க்கச் செய்யாதீர்கள், அளவைக் குறையுங்கள்.

கேள்வி: எலுமிச்சைக்குப் பதில் அதே அளவு ஆரஞ்சுச் சாறு ஊற்றினேன். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தும் கூழாகவே இருந்தது. லேசான கசப்பு வேறு.

பதில்: ஆரஞ்சில் புளிப்பு போதாது. எலுமிச்சைச் சாற்றில் 5, 6 சதவீதம் சிட்ரிக் அமிலம் இருக்கும். இனிப்பான ஆரஞ்சில் கிட்டத்தட்ட 1 சதவீதம்தான். கேசினைத் திரட்ட அது போதவே போதாது.

ஆரஞ்சுச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி ஊற்றலாம் என்று ஒரு வழி உண்டு. 250 மி.லி. சாற்றை மூன்று மேசைக்கரண்டியாக வற்றவிட்டு, அதே அளவு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் க்ரீம் இறுகிவிடும். ஆனால் காய்ச்சிய சாற்றில் ஜாம் வாசனை வந்துவிடுகிறது. பழத்தை உரித்த நொடியில் விரலில் ஒட்டும் அந்த வாசனை போய்விடும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாசனை சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. தோலின் நிறமுள்ள மேல்பகுதியில் எண்ணெய்ப் பைகள் உண்டு. எண்ணெய் தண்ணீரில் கரையாது, க்ரீமில் கரையும். அதனால்தான் தோலை முதலில், க்ரீம் சூடாகும்போதே போடச் சொல்கிறேன். ஆரஞ்சு வேண்டுமென்றால் இரண்டு ஆரஞ்சின் தோலைத் துருவிப் போடுங்கள், புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு 80 மி.லி. அப்படியே இருக்கட்டும். வாயில் வைத்தால் ஆரஞ்சுதான் தெரியும்.

கசப்புக்கு இரண்டு காரணம் இருக்கலாம். துருவும்போது நிறப்பகுதிக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியும் சேர்ந்து வந்திருக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு முறை துருவாதீர்கள், பழத்தைத் திருப்பிக்கொண்டே இருங்கள். இன்னொன்று, சில வகை ஆரஞ்சுகளின் சாறு பிழிந்த உடனே இனிக்கும், சில மணி நேரம் கழித்துக் கசக்கும். லிமோனின் என்ற பொருள் சாற்றில் மெல்ல உருவாவதுதான் காரணம். விதையில்லாத நேவல் ஆரஞ்சில் இது அதிகம். காலையில் பிழிந்து மாலையில் பயன்படுத்தியிருந்தால் இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஏலக்காய்ப் பொடி இரண்டு டீஸ்பூன் போட்டேன். சூடாக இருக்கும்போது வீடே மணத்தது. குளிர்ந்த பிறகு சாப்பிட்டால் வாசனையே இல்லை, அடியில் மண் மாதிரி நெருநெருவென்று பொடி மட்டும்தான் இருந்தது. ஏன்?

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். குளிர் இனிப்புகளில் பலரும் தடுமாறும் இடம் இது.

வீடு மணத்தது என்கிறீர்களே, அந்த மணம் பாத்திரத்தை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். பொடியாக அரைத்ததிலேயே பாதி வாசனை பறந்திருக்கும், திறந்து வைத்துக் கொதிக்கவிட்டதில் மீதியும். அப்புறம், குளிர்ந்த பண்டம் எதுவானாலும் வாசனையும் இனிப்பும் மட்டாகத்தான் தெரியும். சூட்டில் ருசி பார்க்கும்போது சற்றுத் தூக்கலாக இருந்தால்தான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது சரியாக இருக்கும். 'கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ' என்று தோன்ற வேண்டும். அந்த அளவில் நிறுத்துங்கள்.

பொடி வேண்டாம். முழு ஏலக்காயைத் தோலோடு தட்டிப் போடுங்கள். அதன் எண்ணெயும் கொழுப்பில் கரையக்கூடியதுதான். மூடி வைக்கும் அந்த 20 நிமிடத்தை மட்டும் தயவுசெய்து குறைக்காதீர்கள். பொறுக்க முடியாமல் 5 நிமிடத்தில் வடிகட்டிவிட்டு, வாசனை இல்லை என்று எழுதியவர்கள் மூன்று பேர். மூடியைத் திறக்கும்போது அதில் படிந்திருக்கும் துளிகளையும் பாத்திரத்திலேயே தட்டிவிடுங்கள், அவற்றிலும் மணம் இருக்கிறது.

எந்தப் பழத்தோடு எந்த மசாலா என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். என் நாக்குக்குச் சரிப்பட்டவற்றைச் சொல்கிறேன். எலுமிச்சைக்கு ஏலக்காய். இரண்டுமே கூர்மையான மணம், ஒன்றை ஒன்று தூக்கிவிடும். ஆரஞ்சுக்குப் பட்டை அல்லது அன்னாசிப்பூ. பட்டை விரல் நீளத்துக்கு ஒன்று, அன்னாசிப்பூ ஒரு முழுப் பூ, அதற்கு மேல் போனால் மருந்து வாடை. கிராம்பு இரண்டுக்கு மேல் வேண்டாம், நாக்கு மரத்துப்போகும். பட்டையைப் பொடியாகப் போட்டால் க்ரீம் கொழகொழவென்று இழுக்கும், துண்டாகத்தான் போட வேண்டும். ஜாதிக்காயை மட்டும் கொதிக்கவிடுவதில்லை, பரிமாறும்போது மேலே இரண்டு இழுப்பு துருவினால் போதும். குங்குமப்பூ இவற்றுக்கெல்லாம் நேர்மாறு. அதன் நிறம் கொழுப்பில் இறங்காது, தண்ணீரில் இறங்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு ஸ்பூனில் 15 நிமிடம் ஊறவைத்து அந்தத் தண்ணீரோடு சேர்த்துவிடுங்கள். மிளகு? தயங்காமல் போடலாம். எலுமிச்சைக்கு ஆறு மிளகை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டு வடிகட்டினால், விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு சின்ன வெதுவெதுப்பு மட்டும் தங்கும். எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

கேள்வி: அம்மா, நான் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன். கெட்டி க்ரீம் கிடைக்கவில்லை. பால், க்ரீம், ஜெலட்டின், ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டு, கடைசியில் பச்சை இஞ்சிச் சாறு இரண்டு ஸ்பூன் ஊற்றினேன். அடுத்த நாளும் தண்ணீர் மாதிரியே இருந்தது. ஜெலட்டின் பழையதா?

பதில்: ஜெலட்டின் மேல் தப்பில்லை தம்பி. பச்சை இஞ்சியில் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது. ஜெலட்டினும் புரதம்தான். நீங்கள் தூங்கும்போது அது ஜெலட்டினைத் துண்டு துண்டாக்கிவிட்டது. பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி எல்லாமே இப்படிச் செய்யும். இஞ்சியை வட்ட வட்டமாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீரில் 5 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றைச் சேருங்கள். கொதித்ததும் நொதி செயலிழந்துவிடும், காரமும் மணமும் இருக்கும். இஞ்சியும் ஆரஞ்சும் என்று யோசித்தீர்களே, நல்ல சேர்க்கை. விட்டுவிடாதீர்கள், இன்னொரு முறை செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஜெலட்டின் சேர்க்க மாட்டோம். சைனா கிராஸில் செய்தால் பல்லில் கடிபடுகிறது.

பதில்: அளவு கூடிவிட்டது. ஜெலட்டின் உடம்புச் சூட்டுக்கே உருகிவிடும், அதனால்தான் வாயில் கரைகிறது. சைனா கிராஸ் உருக 85 டிகிரி செல்சியஸ் வேண்டும், வாயில் உருகவே உருகாது. ஆகவே நடுங்கி நடுங்கி நிற்கும் அளவுக்கு மட்டும் போட வேண்டும். பாலும் க்ரீமும் சேர்ந்த 500 மி.லி.க்குப் பொடி அரை டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். ஒரு தட்டில் ஒரு ஸ்பூன் ஊற்றி ஃப்ரிட்ஜில் 5 நிமிடம் வைத்துப் பார்த்தால் பதம் தெரியும். பால் கலவையிலேயே போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டுக் கரைத்து, இறக்கி, கொஞ்சம் ஆறிய பிறகுதான் சாறு, அதுவும் ஒன்றிரண்டு ஸ்பூன் மட்டும். சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் சைனா கிராஸின் பிடிப்பு தளர்ந்துவிடும். பால் இருப்பதால் திரியும் ஆபத்தும் உண்டு.

தேங்காய்ப்பாலில் செய்யலாமா என்று கேட்டவருக்கும் இதே பதில். தேங்காய்ப்பாலில் கேசின் இல்லை, எத்தனை எலுமிச்சை பிழிந்தாலும் இறுகாது. சைனா கிராஸ்தான் துணை.

கேள்வி: 25 சதவீதக் க்ரீம்தான் கிடைக்கிறது. அடுப்பில்லாமல் செய்ய ஏதாவது வழி?

பதில்: கண்டன்ஸ்டு மில்க் 400 கிராம், நன்றாகக் குளிர்ந்த அந்தக் க்ரீம் 200 மி.லி., தோல் துருவல், ஏலக்காய். கலந்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறட்டும். பிறகு 100 மி.லி. எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். கண்டன்ஸ்டு மில்க்கில் புரதமும் சர்க்கரையும் செறிவாக இருப்பதால் கண்ணெதிரே கெட்டியாகும். ஏலக்காயை மட்டும் சாறு ஊற்றும் முன் எடுத்துவிடுங்கள், கெட்டியான பிறகு வடிகட்ட முடியாது. ருசி சற்றுத் திகட்டும். அவசரத்துக்கு நல்ல வழி.

கேள்வி: எத்தனை நாள் வைக்கலாம்? ஃப்ரீசரில் வைத்தால்?

பதில்: இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. ஃப்ரீசர் வேண்டாம், உருகும்போது தண்ணீர் விட்டுவிடும். கிண்ணங்களை ஆறிய பிறகு மூடுங்கள், சூட்டோடு மூடினால் மேலே நீர்த்துளி விழும். மூடாமலும் விடாதீர்கள். க்ரீம் பக்கத்தில் இருக்கும் வெங்காய வாசனையையும் வாங்கிக்கொள்ளும். காய்ச்சுவதற்கு எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியத்திலும் இரும்பிலும் புளிப்பு பட்டால் உலோகச் சுவை வரும்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இந்த வாசனை அவ்வளவு பிடித்துப்போய் ஆசையாக வாயில் வைத்தார். புளிப்பும் குளிரும் சேர்ந்து பல் கூசுகிறது என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். அவருக்காக எப்படி மாற்றுவது?

பதில்: புளிப்பை முழுக்க எடுத்துவிடலாம். அவருக்குப் பிடித்த வாசனை தோலில்தானே இருக்கிறது. சாறே வேண்டாம். க்ரீம் 250, பால் 250 மி.லி., சர்க்கரை 60 கிராம், ஆரஞ்சுத் தோல் அகலச் சீவல் நான்கு, ஏலக்காய் நான்கு. கொதி வந்ததும் இறக்கி, அரை மணி நேரம் மூடி வைத்து வடிகட்டுங்கள். மேலே சொன்ன அளவு சைனா கிராஸ் போட்டுத் திரும்ப இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு ஊற்றுங்கள். சாறு இல்லாததால் திரியும் என்ற பயமும் இல்லை.

பரிமாறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே அவருடைய கிண்ணத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். சைனா கிராஸ் அதற்குள் உருகாது. சில்லிப்பு குறைந்தால் பல் கூசாது, வாசனையும் முன்பைவிட நன்றாகத் தெரியும்.