பேசி முடித்துவிடலாம் என்று நினைக்கும் முதலாளிக்கு

கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் யூனிட் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "28 பேர் வேலை செய்கிறார்கள், 9 பேர் பெண்கள். பேக்கிங்கில் இருக்கும் ஒரு பெண், சூப்பர்வைசர் ஆபாசமாகப் பேசுகிறார், ராத்திரியில் மெசேஜ் அனுப்புகிறார் என்று என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு, அந்தப் பெண்ணை வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிடலாமா? கமிட்டி எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?"

இல்லைங்க. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. 10 பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். கான்ட்ராக்ட் ஆள், தினக்கூலி, அப்ரண்டிஸ் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். குழுவே இல்லாமல் நடத்தினால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து இதைச் செய்யாதீர்கள், அந்தப் பெண்ணுக்காகச் செய்யுங்கள்.

நேருக்கு நேர் உட்கார வைக்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். சம்பளம் கொடுக்கும் முதலாளி ஒரு பக்கம், தினமும் வேலை வாங்கும் சூப்பர்வைசர் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெண் எதைத்தான் வாய்திறந்து சொல்வார்? "பரவாயில்லை சார், விடுங்க" என்பார். நீங்களும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள், அடுத்த மாதம் அவர் வேலைக்கே வரமாட்டார். சமரசத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அந்தப் பெண்ணே கேட்க வேண்டும், குழு வழியாக நடக்க வேண்டும், பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

செக்‌ஷன் மாற்றமும் அப்படித்தான். அவர் எழுதிக் கேட்டால் குழு பரிந்துரைக்கலாம், மூன்று மாதம் வரை லீவும் தரச் சொல்லலாம். கேட்காமலே மாற்றினால், புகார் சொன்னவருக்குத்தான் தண்டனை என்று மற்ற எட்டுப் பெண்களும் புரிந்துகொள்வார்கள்.

சரி, குழுவை எப்படி அமைப்பது? தலைவர் ஒரு சீனியர் பெண் ஊழியர்; உங்களிடம் அப்படி யாரும் இல்லையென்றால் வேறு நிறுவனத்திலிருந்து அழைக்கலாம். ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர், வெளியிலிருந்து ஒருவர். வெளி உறுப்பினர் பெண்கள் நலனுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவராகவோ இந்த விஷயம் தெரிந்தவராகவோ இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். உங்கள் மனைவியைத் தலைவராக்க வேண்டாம். விஷயத்தை முதலில் கேட்டவர் அவர்தான், நாளைக்கு அவரே சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். சூப்பர்வைசரின் சொந்தக்காரர்கள் யாராவது உங்களிடம் வேலை செய்தால் அவர்களும் வேண்டாம்.

புகார் எழுத்தில் வர வேண்டும். அவருக்கு எழுத வராவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். புகார் வந்த ஏழு வேலை நாளில் சூப்பர்வைசருக்கு நகல் போக வேண்டும், பதில் சொல்ல அவருக்குப் பத்து வேலை நாள் உண்டு. அவர் தரப்பையும் முழுமையாகக் கேட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் பிறகு எடுக்கும் நடவடிக்கை எதுவும் நிற்காது. விசாரணையை 90 நாளில் முடித்து, அடுத்த பத்து நாளில் அறிக்கை தர வேண்டும், அதன் மேல் 60 நாளில் நீங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். புகாரை நிரூபிக்க முடியாமல் போனால் அது பொய்ப்புகார் ஆகிவிடாது, அதற்காக அந்தப் பெண் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

பெயர் எதுவும் ஷாப் ஃப்ளோருக்குப் போகக் கூடாது. மெசேஜ்களை அழிக்க வேண்டாம் என்று உங்கள் மனைவி மூலமாக அந்தப் பெண்ணிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அப்புறம், அவருடைய லீவும் ஓவர்டைமும் இப்போது அந்த சூப்பர்வைசர் கையெழுத்தில்தானே போகும்? நாளைக் காலை ஷிஃப்ட்டுக்கு முன்னாலேயே அந்தப் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுங்கள்.