தேநீர் குடித்தால் கொழுப்பு குறையுமா?

கேள்வி: எனக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 160. மாத்திரைக்குப் பதில் கிரீன் டீ குடித்தால் போதுமா?

பதில்: போதாது. கிரீன் டீயிலுள்ள கேட்டச்சின்கள் என்னும் தாவரப் பொருள்கள் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் கொஞ்சம் தடுக்கும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் எல்டிஎல் சராசரியாக டெசிலிட்டருக்கு 2 முதல் 5 மி.கி. வரைதான் குறைகிறது. 160 என்பது 155 ஆகும், அவ்வளவே! மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குடிப்பதானால் 2 கிராம் இலையை 200 மி.லி., 80 டிகிரி வெந்நீரில் 3 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். கொதிக்கவிட்டால் கசக்கும், கசப்புக்குச் சர்க்கரை சேர்ப்பீர்கள், வம்பு அங்கேதான் ஆரம்பம். கோப்பைக்கு 2 டீஸ்பூன் வீதம் 4 கோப்பை என்றால் 32 கிராமுக்கு மேல் சர்க்கரை. அதில் மிஞ்சுவதைக் கல்லீரல் டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பாக மாற்றிவிடும்.

கிரீன் டீ மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். நாளொன்றுக்கு 800 மி.கி. இஜிசிஜி (கிரீன் டீயின் முக்கியக் கேட்டச்சின்) உள்ளே போனால் கல்லீரல் என்சைம்கள் உயரக்கூடும். ரத்தசோகை இருந்தால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்.

வெறும் வயிற்றில் லிப்பிட் பரிசோதனை (ரத்தக் கொழுப்பு அளவு பார்ப்பது) என்றால், முந்தைய 9–12 மணி நேரம் தண்ணீர் மட்டுமே.